மாநில செனட்டர் என்பவர் யார்? வர்ஜீனியாவின் 32-ஆம் தொகுதியை வைத்து ஓர் எளிய விளக்கம்

2025 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லவுடன் கவுண்டியில் (கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் மாதிரி) ஓர் இடைத்தேர்தல் நடந்தது. முந்தின நாள்தான் அந்தப் பகுதியைப் பனிப்புயல் புரட்டிப் போட்டிருந்தது. வென்றவர் ஜனநாயகக் கட்சியின் கண்ணன் ஸ்ரீனிவாசன். இப்படி ஒரு பெயர் ஜெயித்ததும் "அமெரிக்க செனட்டரானார் இந்திய வம்சாவளியினர்" என்று ஒரு வரி கிளம்பி, வாட்ஸ்அப் குழுக்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். அவர் அமெரிக்க செனட்டர் இல்லை. வர்ஜீனியா மாநில செனட்டில் 32-ஆம் தொகுதியின் உறுப்பினர். நம் கணக்கில், எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் உள்ள வித்தியாசம்.

இதைத் திருத்திச் சொன்னால் உடனே அடுத்த தவறு வருகிறது: "ஓ, வெறும் மாநில செனட்டர்தானா!" எனக்கு அதிக வருத்தம் தருவது இந்த இரண்டாவது தவறுதான். அமெரிக்காவில் குடியிருக்கும் ஒருவரின் பிள்ளை படிக்கும் பள்ளி, அவர் போகும் சாலை, போட்டிருக்கும் வாடகை ஒப்பந்தம், வைத்திருக்கும் ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் சட்டம் போடுவது மாநிலத் தலைநகரம்தான், வாஷிங்டன் அல்ல. அந்தப் பதவியைப் பற்றி அங்கே வாக்குரிமை உள்ள நம் உறவினர்களே தெளிவில்லாமல் இருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

## ஒரே வீடு, பல எல்லைகள்

நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ரேஷன் கடை ஒன்று, மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸ் ஒன்று, போலீஸ் ஸ்டேஷன் ஒன்று. மூன்றின் எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்துவதில்லை. எதிர் வீட்டுக்காரர் அதே ரேஷன் கடைக்கு வருவார். புகார் கொடுக்க மட்டும் வேறு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். "இது எங்க லிமிட் இல்லை சார்" என்ற பதிலை ஒரு முறையாவது கேட்காதவர் குறைவு.

தொகுதிகளும் அப்படித்தான். லவுடன் கவுண்டியில் ஆஷ்பர்ன் பக்கம் வீடு வாங்கிக் குடியேறி, குடியுரிமையும் பெற்றுவிட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாஷிங்டனில் அவர்களுக்காக மூன்று பேர் இருக்கிறார்கள். முதல் இருவர் அமெரிக்க செனட்டர்கள். இவர்களுக்குத் தொகுதி கிடையாது, மாநிலம் முழுவதும்தான் தொகுதி. பதவிக்காலம் 6 ஆண்டு. மூன்றாமவர் காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், பிரதிநிதிகள் அவை உறுப்பினர். வர்ஜீனியாவுக்கு அந்த அவையில் 11 இடங்கள்.

மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் மாநில செனட்டர். இன்னொருவர் டெலிகேட்ஸ் அவை என்ற கீழவையின் உறுப்பினர். செனட்டில் 40 இடங்கள், கீழவையில் 100. 2020 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 86 லட்சத்தைத் தாண்டியது. வகுத்துப் பார்த்தால் ஒரு மாநில செனட் தொகுதிக்கு ஏறத்தாழ 2,15,800 பேர், ஒரு கீழவைத் தொகுதிக்கு ஏறத்தாழ 86,300 பேர்.

இதற்கு அடியில் கவுண்டி நிர்வாகம் தனியாக இருக்கிறது. அதற்கும் தேர்தல் உண்டு. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

ஆக, ஒரு வீட்டுக்கு வாஷிங்டனில் மூவர், ரிச்மண்டில் இருவர். மாநில செனட்டர் அந்த இருவரில் ஒருவர். அவருடைய தொகுதி கீழவைத் தொகுதியைவிடப் பெரியது, காங்கிரஸ் தொகுதியைவிடச் சிறியது. வர்ஜீனியாவைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

மற்ற மாநிலங்களில் இந்த அளவுகள் தாறுமாறாக மாறும். கலிஃபோர்னியாவிலும் செனட் இடங்கள் 40தான். ஆனால் அங்கே ஒரு தொகுதிக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வருகிறார்கள். அங்கே மாநில செனட்டரின் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதியைவிடப் பெரியது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு செனட் தொகுதிக்கு 60,000 பேர்கூட இல்லை. நெப்ராஸ்காவில் இரண்டு அவைகளே கிடையாது, ஒன்றுதான்.

## நம் பழைய மேலவை மாதிரியா?

1986 வரை தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்தது. ஆசிரியர்கள், பட்டதாரிகள், உள்ளாட்சி உறுப்பினர்கள், எம்.எல்.ஏ.க்கள் எனத் தனித்தனிப் பிரிவினர் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலர் நியமனமும் பெற்றார்கள். தெருவில் போகும் வாக்காளர் அதற்கு நேரடியாக வாக்களித்ததில்லை. பணம் சம்பந்தப்பட்ட மசோதாவைத் தடுக்கும் பலமும் அதற்கு இல்லை.

அமெரிக்க மாநில செனட் அப்படிப்பட்ட அவை அல்ல. அதன் உறுப்பினர்கள் அனைவரும் தொகுதி மக்களின் நேரடி வாக்கில் வருபவர்கள். செனட் ஒப்புக்கொள்ளாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது, பட்ஜெட் உட்பட. அதனால் 'மேலவை' என்ற நம் பழைய நினைவை வைத்து இதை அலங்காரப் பதவி என்று எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே ஆளுநர் என்பவர் டெல்லியிலிருந்து அனுப்பி வைக்கப்படுபவர் போன்றவர் அல்ல. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதல்வரின் இடம். துணை ஆளுநரும் தேர்தலில் வருபவரே. வர்ஜீனியாவில் செனட்டுக்குத் தலைமை வகிப்பது அந்தத் துணை ஆளுநர்தான். 40 பேர் 20-20 என்று சரிபாதியாகப் பிரிந்து நின்றால், அநேக விஷயங்களில் முடிவு செய்யும் வாக்கு அவருடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இடைத்தேர்தலைப் பேசும்போது தேவைப்படும்.

## கோடு கிழிப்பவர் கையில் இருப்பது

தொகுதி என்பது வரைபடத்தில் ஒரு கோடு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் அந்தக் கோட்டைத் திருத்தி வரைய வேண்டும். இதைத் தொகுதி மறுவரையறை என்கிறோம்.

மக்கள்தொகைப்படி சமமாக வரைய வேண்டும் என்பது இன்று இயல்பான விஷயமாகத் தெரிகிறது. 1964-க்கு முன் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் அப்போது மாநில செனட் இடங்களைக் கவுண்டிக் கணக்கில் ஒதுக்கியிருந்தார்கள். 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு ஒரே ஒரு மாநில செனட்டர். மலைப்பக்கத்தில் ஆல்பைன், இன்யோ, மோனோ என்ற மூன்று கவுண்டிகளுக்கும் சேர்த்து ஒரு செனட்டர். அந்த மூன்றிலும் மொத்தம் 15,000 பேர்கூட இல்லை. மலையில் இருந்த ஒருவரின் வாக்குக்கு நகரத்தில் 400 பேரின் வாக்கு சமம்!

1964 ஜூனில் அலபாமா மாநிலத்தைப் பற்றிய வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டியது. மாநில சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்குமே தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் பிரதிநிதித்துவம் செய்வது மக்களை, மரங்களையோ நிலத்தையோ அல்ல என்பதுதான் அதன் சாரம். எழுதியவர் தலைமை நீதிபதி எர்ல் வாரன். கலிஃபோர்னியாவில் ஆளுநராக இருந்த காலத்தில் அங்கிருந்த பழைய முறையை ஆதரித்தவரும் அவரேதான். பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டு இப்படி ஒரு தீர்ப்பு எழுதிய அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. இரண்டு தொகுதிகளிலும் 2 லட்சம் பேர் இருக்கலாம். எந்த 2 லட்சம் என்பதில்தான் சூது. எதிர்க்கட்சி வாக்காளர்களை எல்லாம் ஒரே தொகுதியில் அடைத்துவிடலாம். இல்லையென்றால் பல தொகுதிகளில் துண்டு துண்டாகச் சிதறடிக்கலாம். இப்படிக் கட்சி லாபத்துக்காகக் கோட்டை வளைப்பதைத்தான் கெரிமாண்டரிங் என்கிறார்கள். இந்தப் பெயர் வரக் காரணமானதே ஒரு மாநில செனட் தொகுதிதான். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி கையெழுத்திட்ட வரைபடத்தில், எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் ஒரு தொகுதி பல்லியைப் போல நெளிந்து கிடந்தது. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க குறைந்த வாக்கு வாங்கிய கெரியின் கட்சி, 40 செனட் இடங்களில் 29-ஐ அள்ளியது. கெரி மட்டும் ஆளுநர் தேர்தலில் தோற்றார். ஆளுநர் தேர்தலுக்குத் தொகுதிக் கோடு கிடையாதே!

வர்ஜீனியாவில் 2020-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், 8 சட்டமன்ற உறுப்பினர்களும் 8 பொதுமக்களும் கொண்ட ஓர் ஆணையம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் 2021-ல் அந்த 16 பேரும் கட்சி வாரியாக இரண்டாகப் பிரிந்து முட்டிக்கொண்டு நின்றதில் வேலை நடக்கவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு வல்லுநர்களை நியமித்து வரைபடத்தை வரைய வைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது. பதவியில் இருப்பவர் யார் வீடு எங்கே என்று பார்த்து அந்த வல்லுநர்கள் கோட்டை வளைக்கவில்லை. பல செனட்டர்கள் ஒரே தொகுதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். லூயிஸ் லூக்கஸ், லயனல் ஸ்ப்ரூயில் என்ற இரண்டு மூத்த உறுப்பினர்கள், இருவரும் ஒரே கட்சி, 2023-ல் ஒரே இடத்துக்கு மோத வேண்டியதாயிற்று. லூக்கஸ் ஜெயித்தார். பல காலம் அவையில் இருந்த இன்னும் சிலர் ஒதுங்கிக்கொண்டார்கள் அல்லது தோற்றார்கள். ஒரு கோட்டை நேர்மையாகக் கிழித்தாலே இவ்வளவு நடக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும் இன்றைய 32-ஆம் தொகுதியும் அந்த வரைபடத்தில் பிறந்ததுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மாநில செனட் தொகுதி என்பது மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழச் சமமாக வெட்டிய ஒரு துண்டு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். யார் வெட்டுகிறார் என்பதைப் பொறுத்து யார் ஜெயிப்பார் என்பதும் மாறலாம்.

## அவரால் எது முடியும், எது முடியாது

முதலில் முடியாததைச் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அது. எச்1பி விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட் எதுவும் மாநில செனட்டரின் கையில் இல்லை. அவை மத்திய அரசின் விஷயம். கிரீன் கார்டு விண்ணப்பம் எங்கோ சிக்கிக்கொண்டால் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தையோ அமெரிக்க செனட்டரின் அலுவலகத்தையோதான் தொடர்புகொள்ள வேண்டும். ஓட்டுநர் உரிமம் மாநில மோட்டார் வாகனத் துறையில் நின்றுபோனால்? அப்போது மாநில செனட்டரின் அலுவலகம் உதவலாம்.

இனி முடிவது. வர்ஜீனியாவில் இந்தப் பதவிக்குக் கூடுதல் கனம் தருவது டில்லன் விதி என்ற ஒரு சட்டக் கொள்கை. மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம் மட்டுமே உள்ளாட்சிக்கு உண்டு, மற்றது கிடையாது என்பதே அதன் பொருள். ஆகவே கவுண்டி நிர்வாகம் புதிதாக ஏதாவது செய்ய நினைத்தால், முதலில் ரிச்மண்ட் அனுமதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் வருடா வருடம் முணுமுணுத்துக்கொண்டே கட்டும் கார் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். விகிதத்தை வைப்பது கவுண்டி. அந்த வரியைப் போட இடம் கொடுப்பது மாநிலச் சட்டம். ஆஷ்பர்னைச் சுற்றி ஜன்னலே இல்லாமல் வரிசையாக நிற்கும் டேட்டா சென்டர் கட்டடங்களும் அப்படியே. எந்த நிலத்தில் கட்டலாம் என்பது கவுண்டியின் முடிவு. உள்ளே வரும் கம்ப்யூட்டர் கருவிகளுக்கு விற்பனை வரி விலக்கு கொடுப்பது மாநிலம்.

செனட்டர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தால் அது முதலில் குழுவுக்குப் போகும். பெரும்பாலான மசோதாக்கள் அங்கேயே உயிரை விடுகின்றன. தப்பியது செனட்டில் நிறைவேறி, கீழவையிலும் நிறைவேறி, ஆளுநரிடம் போக வேண்டும். அவர் வீட்டோ செய்து, அதாவது மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டால், இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் அதை மீறி நிறைவேற்ற முடியும்.

எல்லாத் தீர்மானமும் சட்டமாகாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி 14-ஐப் பொங்கல் நாளாக அறிவித்தது நம் எல்லோருக்கும் மகிழ்ச்சியான செய்தி. அது இரு அவைகளும் ஒப்புக்கொண்ட கூட்டுத் தீர்மானம். விடுமுறை தராது, யாரையும் கட்டாயப்படுத்தாது. இத்தனை பேர் இங்கே வாழ்கிறோம் என்று ஓர் அவை பதிவு செய்தது. அந்த அளவில் அதன் மதிப்பு உண்மையானது.

வெளியே பலருக்கும் தெரியாத அதிகாரம் ஒன்று: வர்ஜீனியாவில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் அதில் அடக்கம். அவர்களுக்குப் பதவிக்காலம் 12 ஆண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருவரை செனட்டுக்கு அனுப்பினால், அவர் போடும் வாக்கு 12 ஆண்டுக்கு ஒரு நீதிபதியை உட்கார வைக்கிறது.

இவ்வளவும் முழுநேர வேலை இல்லை. சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது புதன்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டுகளில் குறுகிய கூட்டத்தொடர், இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள். செனட்டரின் ஆண்டுச் சம்பளம் பல காலமாக 18,000 டாலர். மீதி நாட்களில் அவர் வக்கீலாகவோ வியாபாரியாகவோ தன் தொழிலைப் பார்க்கிறார். சாதாரணமாகச் சம்பாதித்து வாழும் ஒருவரால் இந்தப் பதவிக்கு எளிதில் வர முடியாது என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை.

## தேர்தல் எப்போது?

அமெரிக்கா நவம்பரில், இரட்டைப்படை ஆண்டில் வாக்களிக்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். வர்ஜீனியா தன் மாநிலத் தேர்தலை ஒற்றைப்படை ஆண்டில் வைக்கிறது. மாநில செனட்டின் 40 இடங்களுக்கும் ஒரே நேரத்தில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை: 2019, 2023, அடுத்தது 2027. கீழவைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. குடியரசுத் தலைவர் போட்டியின் சூடும் விளம்பரமும் இல்லாததால், ஒற்றைப்படை ஆண்டில் வாக்குப்பதிவு நன்றாகக் குறைந்துவிடுகிறது.

நவம்பருக்கு முன் ஜூனில் பிரைமரி. ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல் அது. நம் ஊரில் மாவட்டச் செயலாளரும் தலைமையும் உட்கார்ந்து முடிக்கும் வேலை அங்கே வாக்குச்சாவடியில் நடக்கிறது. வர்ஜீனியாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிட வேண்டியதில்லை. பதிவு செய்த யாரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். ஒரு கட்சி பலமாக உள்ள தொகுதியில் உண்மையான போட்டி பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. லூக்கஸும் ஸ்ப்ரூயிலும் மோதியது அங்கேதான். நவம்பரில் மட்டும் வாக்களிக்கப் போகிறவர் பாதி தேர்தலைத் தவறவிட்டவர்.

## நடுவில் இடம் காலியானால்

மாநில செனட் மேலே ஏறும் படி. ஏறியவர் விட்டுப்போகும் இடத்துக்கு இடைத்தேர்தல் வரும். அதற்கு உத்தரவிடுவது, அவை கூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, ஆளுநர் அல்லது அவையின் தலைமை. தேதி பெரும்பாலும் ஜனவரிக் கூட்டத்தொடரை ஒட்டி அமைந்துவிடுகிறது. விடுமுறை, குளிர், பனி எல்லாம் சேர்ந்த பருவம். தேர்தல் நடப்பதே பலருக்குத் தெரியாது.

லவுடனையும் ஃபேர்ஃபாக்ஸையும் தொட்டுக்கொண்டு கிடந்த பழைய 33-ஆம் தொகுதி இதற்கு நல்ல சாட்சி. 2006 ஜனவரியில் அங்கே இடைத்தேர்தலில் வந்தவர் மார்க் ஹெர்ரிங். அவர் மாநில அட்டர்னி ஜெனரலாகப் போனார். 2014 ஜனவரியில் இன்னோர் இடைத்தேர்தல், ஜெனிஃபர் வெக்ஸ்டன் வந்தார். அவர் 2018-ல் காங்கிரஸுக்குத் தேர்வானார். 2019 ஜனவரியில் மறுபடி இடைத்தேர்தல், ஜெனிஃபர் பாய்ஸ்கோ வந்தார். ஒரே இடத்துக்கு மூன்று பேர், மூவரும் முதலில் உள்ளே வந்தது ஜனவரிக் குளிரில்.

வெக்ஸ்டன் காங்கிரஸுக்கு மறுபடி போட்டியிடாமல் ஒதுங்கியபோது அந்த இடத்துக்கு 2024 நவம்பரில் தேர்வானவர் சுஹாஸ் சுப்ரமணியம். அவர் 2023-ல் ஜெயித்து வைத்திருந்த மாநில செனட் இடம்தான் நம் 32-ஆம் தொகுதி. அது காலியாகி, அங்கே நின்று வென்றார் அதுவரை கீழவையில் இருந்த கண்ணன் ஸ்ரீனிவாசன். அதனால் அவருடைய கீழவை இடமும் காலி. அதற்கும் அதே ஜனவரி 7 அன்று தேர்தல். அதில் ஜனநாயகக் கட்சியின் ஜேஜே சிங் வென்றார். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம் வெங்கடாசலம். மறுநாளே, ஜனவரி 8 அன்று, சட்டமன்றம் கூடியது.

இந்த இடைத்தேர்தலில் பணயமாக இருந்தது ஓர் ஆளின் பதவி மட்டுமல்ல. அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 21, குடியரசுக் கட்சிக்கு 19. ஓர் இடம் கைமாறினால் 20-20. துணை ஆளுநர் அப்போது குடியரசுக் கட்சியின் வின்சம் ஏர்ல்-சியர்ஸ். சரிபாதி நின்றால் முடிவு அவர் கையில். இது வெறும் கற்பனைக் கணக்கும் அல்ல. 2014-ல் ரால்ஃப் நார்தம் துணை ஆளுநரானபோது காலியான 6-ஆம் தொகுதியின் இடைத்தேர்தல் ஏறத்தாழ பத்து வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. மாநிலத்தின் மேலவை யாருக்கு என்பதை ஓர் அபார்ட்மென்ட் மாடியில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை தீர்மானித்தது.

2025 நவம்பரில் இந்தப் படியில் இன்னொருவர் ஏறினார். ஹைதராபாத்தில் பிறந்து, 2019-ல் மாநில செனட்டுக்கு வந்த கஸாலா ஹாஷ்மி துணை ஆளுநராகத் தேர்வானார். சரிபாதி வாக்கை உடைக்கும் அதிகாரம் இப்போது அவருடையது.

வர்ஜீனியாவில் உங்கள் பிள்ளையோ தம்பியோ தங்கையோ குடியுரிமை பெற்றிருந்தால் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள்: உன் மாநில செனட் தொகுதியின் எண் என்ன, அங்கே இப்போது யார்? மாநிலத் தேர்தல் துறையின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் விடை வந்துவிடும். நேரில் முன்கூட்டியே வாக்களிக்க 45 நாள் அவகாசம் உண்டு. 40 இடங்களுக்குமான அடுத்த பொதுத்தேர்தல் 2027 நவம்பர் 2, அதற்கு முன் ஜூனில் பிரைமரி. நடுவில் ஓர் இடம் காலியானால் அதற்கும் முன்பே, அநேகமாக ஒரு ஜனவரியில்.